மூன்று அணுக்களுக்கு ஒரு பெயர்

நிஹோனியம் தனிம வரிசை அட்டவணையின் 113ஆவது தனிமம். ஏழாவது வரிசையில், தாலியத்துக்கு நேர் கீழே அதன் இடம். குறியீடு என்ஹெச். இயற்கையில் எங்கும் கிடைப்பதில்லை. கண்ணால் பார்த்தவரோ எடை போட்டவரோ கிடையாது. டோக்கியோவை ஒட்டிய வாக்கோ நகரிலுள்ள ரிக்கென் ஆய்வு நிறுவனம் ஒன்பது ஆண்டுகள் முயன்று இதன் மூன்று அணுக்களை உருவாக்கியது. அந்த மூன்று அணுக்களே அதற்குப் பெயர் சூட்டும் உரிமையைப் பெற்றுத் தந்தன. ஆசியாவில் கண்டறியப்பட்டு, அங்கிருந்தே பெயரும் பெற்ற முதல் தனிமம் இது.

மூன்று அணு போதுமா என்ற கேள்வி எழலாம். எண்ணிக்கை இங்கே பெரிய சிக்கலே இல்லை. 109ஆவது தனிமமான மைட்னேரியம் 1982இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரே ஓர் அணுவைக் கொண்டு அறியப்பட்டது. உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது: கையில் கிடைத்தது எந்தத் தனிமம் என்று நிறுவ வேண்டும். தனிமம் கைக்கு வந்தும் அதை அடையாளம் காணத் தவறியவர்கள் உண்டு. ஜப்பானிய வேதியியலே அதற்கு இரண்டு சான்றுகளைத் தருகிறது. அவற்றைச் சொல்லாமல் 113இன் பெயர் ஏன் நிஹோனியம் ஆயிற்று என்று விளக்க முடியாது.

முதல் சான்று இலங்கை மண்ணில் தொடங்குகிறது. சபரகமுவா மாகாணத்தின் பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கனத்த கருநிறப் படிகங்களை 1904இல் அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஆனந்த குமாரசாமி. பின்னாளில் நடராசர் வடிவத்தின் தத்துவத்தை மேலை உலகுக்கு விளக்கிய அதே கலை அறிஞர்தான். கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர், அப்போது இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநராக இருந்த இளம் நிலவியலாளர். தோரியமும் யுரேனியமும் கலந்த அந்தக் கனிமத்துக்குத் தோரியானைட் என்று பெயரிடப்பட்டது. அதைச் சூடாக்கினால் ஹீலியம் வாயு தாராளமாக வெளிவரும். ஆகவே லண்டனில் மந்த வாயுக்களை ஆராய்ந்துவந்த வில்லியம் ராம்சே அதில் ஆர்வம் கொண்டதில் வியப்பில்லை.

அந்த ஆண்டில் ராம்சேயின் ஆய்வகத்துக்குப் பயில வந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் மசடகா ஒகாவா. தோரியானைட்டைப் பகுத்துப் பார்க்கும் வேலை அவரிடம் வந்தது. அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் உரியதாகத் தெரியாத ஒரு கோடு அவருடைய நிறமாலையில் தென்பட்டது. நாடு திரும்பியும் ஆய்வைத் தொடர்ந்தார். 1908இல், இதுவரை அறியப்படாத தனிமம் ஒன்றைப் பிரித்துவிட்டதாகவும் அதற்கு நிப்போனியம் என்று பெயரிடுவதாகவும் அறிவித்தார். குறியீடு என்பி. அணு எடை ஏறத்தாழ 100 என்று கணக்கிட்டிருந்தார். அட்டவணையில் மாலிப்டினத்துக்கும் ருத்தேனியத்துக்கும் நடுவே, மாங்கனீசுக்குக் கீழே, 43ஆவது இடம் அப்போது காலியாக இருந்தது. 100 என்ற எடை அந்தக் காலி இடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பொருத்தம் கச்சிதமாக இருந்தும் அது பிழை. வேறெவராலும் அந்தத் தனிமத்தை மறுபடி எடுத்துக்காட்ட முடியவில்லை. நிப்போனியம் அட்டவணையிலிருந்து சத்தமில்லாமல் காணாமற்போனது. 43ஆவது தனிமம் 1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் கார்லோ பெரியே, எமிலியோ செக்ரே இருவராலும் கண்டறியப்பட்டது. டெக்னீசியம் என்ற பெயர் பெற்ற அதற்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. மிக நீண்ட ஆயுள் கொண்டதுகூடச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். புவியின் வயது 450 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஆக, எந்தப் பாறையிலிருந்தும் அதைத் தராசில் நிறுக்கும் அளவுக்கு ஒகாவா பிரித்திருக்க வழியில்லை.

அப்படியென்றால் அவர் கையில் இருந்தது என்ன? தொஹொகு பல்கலைக்கழகத்தின் கென்ஜி யொஷிஹாரா பல பத்தாண்டுகள் கழித்து இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒகாவாவின் நிறமாலைப் பதிவுகளையும் அவர் விட்டுச்சென்ற எக்ஸ்-கதிர் படத்தையும் மறுபடி ஆராய்ந்து, அது 75ஆவது தனிமமான ரீனியம் என்ற முடிவுக்கு வந்தார். அட்டவணையில் 43க்கு நேர் கீழே உள்ள தனிமம் அது. ஒகாவா தன் தனிமத்தின் இணைதிறனைத் தவறாக ஊகித்து அணு எடையைக் கணக்கிட்டிருந்தார். வாய்பாட்டைத் திருத்திக் கணக்கிட்டால் அவருடைய அளவீடுகளே 185.2 என்ற எடையைத் தருகின்றன. ரீனியத்தின் உண்மையான எடை 186.2. ரீனியத்தை 1925இல் ஜெர்மனியில் வால்ட்டர் நோடாக், ஈடா டாக்கே, ஓட்டோ பெர்க் ஆகியோர் கண்டறிந்தனர். யொஷிஹாரா சொல்வது சரியென்றால், நிலையான தனிமம் ஒன்றை 17 ஆண்டுகளுக்கு முன்பே கையில் பிடித்துவைத்திருந்த ஒகாவா, அதை அட்டவணையில் ஒரு படி மேலே வைத்துவிட்டதால் அதை இழந்தார். அணு எண்ணை எக்ஸ்-கதிரால் நேரடியாக அளக்கும் வழியை இயற்பியலாளர் மோஸ்லி கண்டுபிடித்தது 1913இல்தான் என்பதையும் நினைவில் கொண்டால், இந்தத் தவற்றுக்காக ஒகாவாவைக் குறை சொல்ல மனம் வராது.

இரண்டாவது சான்று ரிக்கெனிலேயே நடந்தது. 1917இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தில் யொஷியோ நிஷினா 1937இல் ஜப்பானின் முதல் சைக்ளோட்ரானை, அதாவது வட்டத் துகள் முடுக்கியை, அமைத்தார். கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர் அவர். 1940இல் நிஷினாவும் வேதியியலாளர் கென்ஜிரோ கிமுராவும் யுரேனியத்தின்மீது வேகமான நியூட்ரான்களைச் செலுத்தினர். யுரேனியத்தின் புதிய ஐசோடோப்பான யுரேனியம்-237 உண்டாயிற்று. பீட்டா துகளை வெளியிட்டு அது ஒரு வாரத்துக்குள் பாதியாகக் குறைந்தது. பீட்டா சிதைவில் அணு எண் ஒன்று கூடும். ஆகவே அவர்களுடைய குடுவையில் 93ஆவது தனிமம் சேர்ந்துகொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படி உண்டான ஐசோடோப்பின் அரை ஆயுள் 20 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். அவ்வளவு மெதுவாகச் சிதைவதன் கதிரியக்கத்தை அன்றைய கருவிகளால் உணர முடியவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் மக்மில்லனும் ஏபெல்சனும் 93இன் வேறோர் ஐசோடோப்பைப் பிடித்தனர். அதன் அரை ஆயுள் இரண்டேகால் நாளை ஒட்டியது. கருவிக்கு எளிதில் அகப்பட்டது. நெப்டியூனியம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதற்குக் கிடைத்த குறியீடு, ஒகாவா ஒருகாலத்தில் நிப்போனியத்துக்கு எழுதிய அதே என்பி.

1945 நவம்பரில் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கப் படையினர், அணுகுண்டு ஆய்வுக்கு உதவக்கூடும் என்ற ஐயத்தில் ரிக்கெனின் இரண்டு சைக்ளோட்ரான்களைப் பிரித்தெடுத்து டோக்கியோ விரிகுடாவில் மூழ்கடித்தனர். இரண்டில் பெரியது 200 டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. அமெரிக்க அறிவியலாளர்களே இதைக் கண்டித்தார்கள் என்பது அந்தச் செயலின் அறியாமையைக் காட்டும்.

யுரேனியத்துக்கு அப்பால் உள்ள தனிமங்களைச் செய்வது ஏன் இவ்வளவு கடினம் என்பதை இங்கே பார்த்துவிடலாம். அணுக்கருவில் உள்ள புரோட்டான்கள் எல்லாம் நேர் மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று ஓயாமல் விலக்குகின்றன. அவற்றைச் சேர்த்துக் கட்டிவைக்கும் வலிய விசை மிகக் குறுகிய தொலைவுக்கே எட்டும். அணுக்கரு பெரிதாகப் பெரிதாக விலக்கம் ஓங்குகிறது. நூறைத் தாண்டிய பிறகு, அணுக்கரு உருவானவுடனேயே பிளந்துபோவதற்கான சாத்தியமே அதிகம். நூறு வரையிலான தனிமங்களை நியூட்ரான்களை ஒன்றொன்றாக ஊட்டிச் செய்ய முடிந்தது. அதற்கு மேல் அந்த வழி அடைபட்டுவிட்டது. இரண்டு அணுக்கருக்களை மோதவிட்டு ஒன்றாக இணைப்பது ஒன்றே வழி.

கூட்டல் கணக்கு எளிது. பிஸ்மத்தின் அணு எண் 83, துத்தநாகத்தின் அணு எண் 30. இரண்டும் சேர்ந்தால் 113. மோதும் வேகத்தில்தான் நுட்பம். வேகம் குறைந்தால் இரு கருக்களின் மின்விலக்கமே அவற்றைத் தள்ளிவிடும். கூடினாலோ, சேர்ந்த கரு மிகையான ஆற்றலால் கொதித்துப் பிளந்துவிடும். இரண்டுக்கும் இடையிலான வெளி மிக ஒடுக்கமானது. காரீயம், பிஸ்மத் போன்ற இறுக்கமான கருக்களை இலக்காக வைத்தால் சேர்ந்த கரு அதிகம் சூடேறாது என்பதை 1970களில் காட்டியவர் சோவியத் இயற்பியலாளர் யூரி ஒகனேசியன். இந்தக் குளிர் இணைவு முறையில் டார்ம்ஸ்டாட் ஆய்வகம் 107 முதல் 112 வரை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டியது. 113க்கும் அவர்கள் முயன்றார்கள். 1998இலும் 2003இலும் பிஸ்மத்தின்மீது துத்தநாகத்தைச் செலுத்திப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல் விட்டுவிட்டார்கள்.

ரிக்கெனில் கொசுகே மொரிடாவின் குழு இதே வினையை 2003 செப்டம்பரில் கையில் எடுத்தது. அதற்கு முன்பே டார்ம்ஸ்டாட்டின் 110, 111 ஆகியவற்றைத் தங்கள் கருவியில் மறுபடி செய்து பார்த்திருந்தார்கள். பிறர் செய்ததையே திரும்பச் செய்வது புகழ் தராத வேலை. ஆனால் கருவியின்மீது நம்பிக்கை அப்படித்தான் பிறக்கும்.

கருவியின் அமைப்பு இப்படி. நேரியல் முடுக்கி, துத்தநாகம்-70 அயனிகளை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு விரட்டுகிறது. விநாடிக்கு இரண்டு லட்சம் கோடிக்கு மேற்பட்ட அயனிகள் பிஸ்மத் படலத்தைத் தாக்குகின்றன. பிஸ்மத் எளிதில் உருகும் உலோகம். ஒரே இடத்தில் கற்றை விழுந்தால் பொத்துவிடும். ஆகவே படலத்தைச் சுழலும் சக்கரத்தில் பொருத்தியிருந்தார்கள். இணைந்து பிறக்கும் கனமான கரு, மோதலின் உந்துதலிலேயே படலத்தை விட்டு முன்னோக்கி வெளியேறும். அதனுடன் கோடானுகோடி துத்தநாக அயனிகளும் வரும். வைக்கோற்போரில் விழுந்த ஊசியை எடுக்கும் பொறுப்பு காரிஸ் என்ற பிரிப்பானுடையது. ஹீலியம் நிரப்பிய குழாயும் காந்தங்களும் கொண்ட அது, தேவையற்ற அயனிகளை வேறு பாதையில் வளைத்துத் தள்ளிவிட்டு, கனமான கருவை மட்டும் சிலிக்கான் உணரிக்கு அனுப்புகிறது. கரு உணரியில் புதைகிறது. பிறகு அதன் சாவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

சாவில்தான் அடையாளம் இருக்கிறது. மீகனக் கரு சிதையும்போது பெரும்பாலும் ஓர் ஆல்ஃபா துகளை, அதாவது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் கொண்ட ஹீலியம் கருவை, உமிழும். அணு எண் இரண்டு குறையும். எஞ்சிய கருவும் அதே வழியில் சிதையும். உணரியின் ஒரே புள்ளியில், உரிய ஆற்றல்களோடு, உரிய இடைவெளிகளில் அடுத்தடுத்து ஆல்ஃபா துகள்கள் பதிவானால் அது ஒரு வம்சாவளி. அந்த வம்சத்தின் கடைசிப் பிள்ளைகள் முன்பே அறிமுகமானவை என்றால், எண்ணைப் பின்னோக்கிக் கூட்டி மூதாதை யார் என்று சொல்லிவிடலாம். மூதாதையைப் பார்க்கவே வேண்டாம்.

2004 ஜூலை 23 அன்று அப்படி ஒரு தொடர் பதிவாயிற்று. 113ஆவது தனிமத்தின் அணு ஒன்று, நிறை எண் 278, மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரமே இருந்து சிதைந்தது. 111, 109, 107 என்று இறங்கி 105ஆவது தனிமமான டுப்னியத்தில் வந்து நின்று, 40.9 விநாடிக்குப் பிறகு அந்த டுப்னியம் தானாகவே இரண்டாகப் பிளந்தது. நான்கு ஆல்ஃபா, ஒரு பிளவு. அடுத்த அணு 2005 ஏப்ரல் 2 அன்று கிடைத்தது. அதுவும் டுப்னியத்தில் பிளந்தது.

பிறகு ஏழு ஆண்டுகள் ஒன்றுமே இல்லை. இரண்டு முறை கிடைத்தது மூன்றாம் முறை கிடைக்க இவ்வளவு காலமா என்று தோன்றும். நிகழ்தகவு இப்படித்தான் விளையாடும். இணைவு வினையின் வாய்ப்பை இயற்பியலாளர்கள் பார்ன் என்ற பரப்பளவு அலகில் சொல்வார்கள். தானியக் கொட்டில் என்று பொருள்படும் அந்தப் பெயர், போர்க்கால அமெரிக்காவில் கேலியாகப் பிறந்தது. யுரேனியம் கரு கொட்டில் அளவுக்குப் பெரிய இலக்கு என்பது கேலி. 113இன் வினைக்குக் கிடைத்த மதிப்பு ஒரு பார்னைப் பத்து கோடி கோடிக் கூறுகளாக்கினால் அதில் 22 கூறு. மொரிடா கோயில்களுக்குப் போகும்போது காணிக்கைப் பெட்டியில் 113 யென் போடுவது வழக்கமாக இருந்தது. காத்திருத்தல் அப்படி மனிதரை ஆக்கிவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளில் கற்றை உண்மையில் ஓடிய நாள்கள் 553. படலத்தைத் தாக்கிய துத்தநாக அயனிகளின் மொத்த எண்ணிக்கையை எழுத வேண்டுமானால் 135 என்று போட்டு அதன் பின்னால் 18 சுழியங்கள் சேர்க்க வேண்டும். மூன்றாவது அணு 2012 ஆகஸ்ட் 12 அன்று விழுந்தது.

இந்த மூன்றாவது அணுவின் மதிப்பு எண்ணிக்கையைக் கடந்தது. முதல் இரண்டும் டுப்னியத்தில் பிளந்துபோயின. பிளவு ஒரு முட்டுச்சந்து. எது பிளந்தது என்பதை அது சொல்லாது. மூன்றாவது தொடரில் டுப்னியம் பிளக்காமல் ஆல்ஃபா உமிழ்ந்து லாரன்சியமாகி, அதுவும் ஆல்ஃபா உமிழ்ந்து மெண்டலீவியமாயிற்று. ஆறு ஆல்ஃபாக்கள்; கடைசிப் படிகள் நன்கு அறியப்பட்டவை. இடையில் வரும் போரியம்-266 பற்றி முன்பு மிகக் குறைவான தரவே இருந்தது. அதைப் பலப்படுத்த, கியூரியத்தின்மீது சோடியத்தை மோதவிட்டு அதே ஐசோடோப்பைத் தனியாகவும் செய்து அதன் சிதைவை ரிக்கென் குழு அளந்துவைத்திருந்தது. சாட்சியத்தின் சங்கிலி இப்போது அறுபடாமல் இருந்தது.

ஆனால் போட்டிக்கு இன்னொரு தரப்பும் இருந்தது. மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள டுப்னா ஆய்வகமும் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகமும் சேர்ந்து 2003 ஜூலை-ஆகஸ்டில் அமெரிசியத்தின்மீது கால்சியம்-48ஐச் செலுத்தி 115ஆவது தனிமத்தைச் செய்தன. 115 ஓர் ஆல்ஃபா உமிழ்ந்தால் 113. ரிக்கெனின் முதல் அணுவுக்குப் பல மாதங்கள் முன்பே இவர்களுடைய கட்டுரை வெளியாகிவிட்டது. அணுக்களும் அதிகம், அவற்றின் ஆயுளும் நீண்டது. இருந்தும் அவர்களிடம் இல்லாத ஒன்று இருந்தது. நியூட்ரான் மிகுந்த கால்சியம்-48 கொண்டு செய்த கருக்களின் வம்சம் முழுவதும் நியூட்ரான் மிகுந்தது. அதுவரை எவரும் பார்த்திராத ஐசோடோப்புகள் வழியாகவே இறங்கி, அறியப்பட்ட ஒன்றைக்கூடத் தொடாமல் பிளவில் முடிந்துவிடும். கடைசிக் கருவான டுப்னியத்தை வேதியியல் முறையில் பிரித்துக் காட்டினார்கள். அந்தச் சோதனை ஐந்தாம் தொகுதித் தனிமத்தை நான்காம் தொகுதியிலிருந்து ஐயமறப் பிரிக்கவில்லை என்று நடுவர்கள் கருதினார்கள்.

நடுவர்கள் என்பது வேதியியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியமான ஐயூபேக்கும் இயற்பியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியமும் சேர்ந்து அமைத்த பணிக்குழு. 2011இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை இரு தரப்பையும் ஏற்கவில்லை. 2015 டிசம்பர் 30 அன்று முடிவு வெளியானது: 113 ரிக்கெனுக்கு, 115, 117, 118 ஆகியவை டுப்னாவுக்கும் அதன் அமெரிக்கக் கூட்டாளிகளுக்கும். நூறுக்கு மேற்பட்ட தனிமங்களுக்காக அமெரிக்கரும் சோவியத்தினரும் பல பத்தாண்டுகள் ஒரே தனிமத்தை இரண்டு பெயர்களால் அழைத்துச் சண்டையிட்டதோடு ஒப்பிட்டால், இந்த வழக்கு அமைதியாகவே முடிந்தது. ஆனாலும் முதலில் வெளியிட்டவரை விட்டு வம்சாவளியை நிறுவியவருக்குப் பட்டம் தந்த இந்தத் தீர்ப்பில் விமர்சனத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது.

அதுவரை 113க்கு உன்உன்டிரியம் என்ற பெயர் இருந்தது. இலத்தீன், கிரேக்க எண் சொற்களை ஒட்டவைத்துச் செய்த தற்காலிகப் பெயர். ஒன்று-ஒன்று-மூன்று என்பதே அதன் பொருள். ஆய்வகங்களில் எவரும் அப்படி அழைப்பதில்லை. நூற்றுப் பதின்மூன்று என்றே சொல்வார்கள்.

பெயரை முன்மொழியும் உரிமை கண்டறிந்தவர்களுக்கு. ஏற்கும் உரிமை ஐயூபேக்குக்கு. தொன்மக் கதை மாந்தர், கனிமம், ஊர் அல்லது நிலப்பகுதி, தனிமத்தின் பண்பு, அறிவியலாளர் ஆகிய ஐந்து வகைகளில் ஒன்றிலிருந்தே பெயர் வர வேண்டும். ஒன்று முதல் பதினாறு வரையிலான தொகுதிகளுக்கு இயம் என்ற ஈறு, பதினேழாவது தொகுதிக்கு இன், பதினெட்டாவதற்கு ஆன். 117, 118ஆவது தனிமங்களுக்குப் பின்னர் வந்த டென்னசின், ஒகனெசான் என்ற பெயர்களின் முடிவு வேறுபடுவது இதனால்தான். அந்த மாதங்களில் மறைந்த ராக் இசைக் கலைஞர் லெம்மியின் பெயரை ஒரு தனிமத்துக்கு வைக்கக் கோரி ரசிகர்கள் பெருந்திரளாகக் கையெழுத்திட்டார்கள். கனமான உலோகம் என்பது அவருடைய இசை வகையின் பெயரும் கூட என்பதால் சிலேடை அழகாகத்தான் இருந்தது. விதிகளில் இசைக் கலைஞருக்கு இடமில்லை.

ஜப்பானில் ஊகிக்கப்பட்ட பெயர்கள் பல. ரிக்கெனைக் குறிக்க ரிக்கேனியம், நிஷினாவின் நினைவாக நிஷினானியம், நாட்டைக் குறிக்க ஜப்போனியம். பலருக்கு மனத்தில் முதலில் தோன்றியது நிப்போனியம்தான். ஒகாவாவின் இழப்பை ஈடுசெய்யும் பெயர் அது. ஆனால் அது கிடைக்காது. ஒரு தனிமத்துக்கு ஒருமுறை வழங்கிப் பின்னர் கைவிடப்பட்ட பெயரை இன்னொரு தனிமத்துக்குச் சூட்டக் கூடாது; பழைய நூல்களைப் படிப்பவர் குழம்புவார் என்பது காரணம். வேதியியலாளர் ஓட்டோ ஹானின் நினைவாக ஒருகாலத்தில் புழங்கிய ஹானியம் என்ற பெயருக்கும் இதே கதி.

மொழி ஒரு வழி விட்டிருந்தது. ஜப்பானியர் தங்கள் நாட்டின் பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளை நிப்போன் என்றும் நிஹோன் என்றும் படிக்கலாம். சூரியன் தோன்றும் இடம் என்பது அவற்றின் பொருள். பணத்தாளிலும் தபால்தலையிலும் நிப்போன் என்று அச்சாகும்; அன்றாடப் பேச்சில் நிஹோன் அதிகம். எழுத்தில் வேறுபாடே இல்லை, ஒலியில் மட்டும். நிப்போனியம் மூடிய கதவாக இருந்ததால் நிஹோனியம் உள்ளே வந்தது. அயல்மொழியார் வழங்கும் ஜப்பான் என்ற சொல்லை விட்டுத் தங்கள் மொழிச் சொல்லையே தேர்ந்ததில் ஒரு பெருமிதமும் இருந்தது. குறியீட்டிலும் என்பி நெப்டியூனியத்திடம் போய்விட்டதால் என்ஹெச் கிடைத்தது.

மொரிடா குழு 2016 மார்ச்சில் பெயரை அனுப்பியது. ஜூன் 8 அன்று ஐயூபேக் அதைப் பொதுப் பார்வைக்கு வைத்தது. 115, 117, 118க்கான மாஸ்கோவியம், டென்னசின், ஒகனெசான் என்ற மூன்று பெயர்களும் கூடவே வெளியாயின. கடைசியது அப்போது உயிரோடிருந்த ஒகனேசியனைக் குறிப்பது. வாழ்நாளிலேயே தனிமத்தின் பெயராகும் பேறு அதற்கு முன் அமெரிக்க வேதியியலாளர் கிளென் சீபோர்க்குக்கு மட்டுமே வாய்த்திருந்தது. அறிவிப்பில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, 1908இல் ஒகாவா செய்த பணிக்கு மொரிடா மரியாதை செலுத்துகிறார் என்பது. மற்றொன்று, 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் அறிவியலின்மீது இழந்த நம்பிக்கையை இந்தப் பெயர் மீட்க வேண்டும் என்ற குழுவின் விருப்பம். ஐந்து மாதக் கருத்துக் கேட்புக்குப் பின் 2016 நவம்பர் 28 அன்று பெயர் உறுதியானது. 2017 மார்ச்சில் டோக்கியோவில் நடந்த பெயர் அறிவிப்பு விழாவில் அப்போது பட்டத்து இளவரசராக இருந்த நருஹிதோ கலந்துகொண்டார்.

பெயர் வாங்கித் தந்த நிஹோனியம்-278ஐக் கொண்டு வேதியியல் செய்ய முடியாது. மில்லி விநாடிகளில் மறைவதை எந்தக் குழாயிலும் ஓடவிட இயலாது. இங்கே டுப்னாவின் வழியே உதவுகிறது. 115ஐச் செய்து அதன் சிதைவில் வரும் நிஹோனியம்-284 ஏறத்தாழ ஒரு விநாடி தாங்கும். நிஹோனியம்-286 ஏறத்தாழப் பத்து விநாடி வரை நிற்கும். நியூட்ரான் கூடக் கூட ஆயுள் நீள்கிறது. 184 நியூட்ரான்களை ஒட்டிய பகுதியில் ஆயுள் இன்னும் நீளும் என்று கோட்பாட்டாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் நிலைத்தன்மைத் தீவின் திசை அது.

ஒரு விநாடிக்குள் கேட்க முடிந்த கேள்வி ஒன்றுதான்: இந்த அணு ஒரு பரப்பில் ஒட்டுகிறதா, நழுவிப் போகிறதா? வாயுவில் மிதந்துவரும் அணுக்களைக் குவார்ட்ஸ் அல்லது தங்கப் பரப்பின்மீது செலுத்தி, எங்கே போய் ஒட்டிச் சிதைகின்றன என்று பார்ப்பார்கள். அட்டவணைப்படி நிஹோனியம் தாலியத்தைப் போல எளிதில் வினைபுரிய வேண்டும். ஆனால் 113 புரோட்டான்கள் இழுக்கும் இழுப்பில் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்துக்கு நெருங்கிச் சுழல்கின்றன. சார்பியல் விளைவால் அவற்றின் பாதைகள் சுருங்க, வேதிப் பிணைப்பில் ஈடுபட வேண்டிய வெளி எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளும் இடம் மாறுகின்றன. டார்ம்ஸ்டாட்டில் நடந்த ஆய்வு முடிவுகள் 2024இல் வெளிவந்தன. நிஹோனியம் தாலியத்தைவிட மந்தமானது. அட்டவணையில் அதற்கு அடுத்துள்ள ஃபிளெரோவியத்தைவிட வினைத்திறன் மிக்கது. தொகுதியின் பழைய குடும்பச் சாயல் முற்றிலும் போகவில்லை, ஆனால் வெளிறிவிட்டது.

ரிக்கென் அடுத்து 119ஐத் தேடுகிறது. பிஸ்மத்துக்கும் துத்தநாகத்துக்கும் இனி இடமில்லை. குளிர் இணைவின் வாய்ப்பு 113இலேயே ஏறத்தாழ வற்றிவிட்டது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திலிருந்து வரும் கியூரியம்-248 இலக்கின்மீது வனேடியம்-51 கற்றையைச் செலுத்துகிறார்கள். 96ம் 23ம் சேர்ந்து 119. அதற்காக நேரியல் முடுக்கி மீக்கடத்து தொழில்நுட்பத்தால் மேம்படுத்தப்பட்டது. அகப்பட்டால் அட்டவணையில் எட்டாவது வரிசை தொடங்கும். கண்டறிந்தவர் பெயர் சூட்டும்வரை அதை உன்உன்என்னியம் என்று எழுதுவார்கள்.